சர்வர் அறையில் போன சனிக்கிழமைகள்

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகு என் அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் நிலையத்து வேனே வந்து அழைத்துக்கொண்டு போகும். சனிக்கிழமை வேன் கிடையாது. அன்றைக்கு நான் அழைத்துப் போவது என்று பேசி வைத்திருந்தோம். அக்கா பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். கணவர் போய்ப் பல வருஷம், பிள்ளைகள் இல்லை. நானும் என் மனைவியும் கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், செபராங் ஜெயாவில்.

என் வேலையும் அங்கேதான். கடைகளுக்கு உறைபதன உணவு அனுப்பும் கம்பெனி. எந்தக் கிளையில் எது விற்கிறது, எது தேங்குகிறது, எந்த லாரி பாதி காலியாக ஓடுகிறது என்று தரவுகளை அலசிச் சொல்வது என் பிரிவு. அந்தத் தரவெல்லாம் எங்கள் மாடியிலேயே ஒரு சின்னக் குளிர் அறையில், சில சர்வர்களில் இருந்தது. அவற்றைப் புதுப்பிப்பதும் பேக்கப் எடுப்பதும் டிஸ்க் நிறைந்தால் இடம் ஒழிப்பதும் ஆபீஸ் மூடியிருக்கும்போதுதான் முடியும். ஞாயிற்றுக்கிழமை மறுநாள் லாரிகளுக்கான கணக்குப் போட ஆள் வந்துவிடும்; ஆபீஸ் முழுதாக மூடும் நாள் சனிக்கிழமை.

“அக்கா, இன்னைக்கு சர்வர் படுத்துருச்சு.”

“பரவால்லலா. நான் டாக்சி எடுத்துக்குவேன். நீ உன் வேலையப் பாரு.”

எத்தனை முறை இப்படிப் பேசியிருப்போம் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

என் மேலாளர் தமிழ் முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தரவை வெளிக் கம்பெனியின் கணினிகளில் வைத்து இணையம் வழியே எடுத்துக்கொள்ளும் கிளவுட் பற்றி அவர்தான் முதலில் பேச்செடுத்தார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, இதப் பாத்தியா? மெஷின அவங்களே பாத்துக்குவாங்க. பேக்கப், பேட்ச் எல்லாம் அவங்க தலவலி. மாசக் கடைசியில லோடு கூடுச்சுன்னா அதுவே பெருசாகும், வேல முடிஞ்சா சுருங்கிக்கும். நாம டேட்டாகிட்ட கேள்வி கேட்டா போதும். உனக்கும் சனிக்கிழம லீவு கெடைக்கும்லா.”

“நம்ம டேட்டா நம்ம கையில இருக்கணும்ணே,” என்றேன். “நாளைக்கு நெட் லைன் போச்சுன்னா யார்கிட்ட போய் நிப்போம்?”

அவர் என் சொல்லை நம்பினார். மேலிடத்துக்குப் போக இருந்த கோரிக்கை அதோடு நின்றது. நான் சொன்ன காரணம் முழுப் பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. அந்த அறைக்குள் எந்த வயர் எங்கே போகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சர்வர் நின்றால் இயக்குநரே கதவருகில் வந்து, “எவ்வளவு நேரமாகும்?” என்று தாழ்ந்த குரலில் கேட்பார். வேறு எதற்கும் என்னை யாரும் அப்படித் தேடியதில்லை. அதை விட மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை டிஸ்க் ஒன்று செத்தது. பேக்கப்பிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு அக்காவின் அழைப்பு வந்தது. திரையில் பெயரைப் பார்த்தேன். வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லியாயிற்றே, இதை முடித்துவிட்டுப் பேசலாம் என்று போனை வெளியே மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அந்த அறையின் இரைச்சலில் எதுவும் கேட்காது.

நாலு மணிக்கு வெளியே வந்தபோது அக்கா இன்னொரு முறை அழைத்திருந்தார். அதற்குப் பிறகு என் மனைவி ஒன்பது முறை.

டயாலிசிஸ் முடிந்ததும் அக்காவுக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குத் தனியாக டாக்சியில் வந்து இறங்கி, லிஃப்ட் வாசலில் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “உன் மெஷின் எந்திருச்சிருச்சா?”

“எந்திருச்சிருச்சுக்கா.”

“அப்ப சரி.”

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அவருக்கு நிம்மதி. எதற்காக அழைத்தீர்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பு அறுவையைத் தாங்குமா என்று டாக்டர்கள் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே நுரையீரலில் தொற்று வந்தது. பத்தொன்பதாம் நாள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே மேலாளரிடம் போனேன். “அந்த கிளவுட் பேப்பர் இன்னும் இருக்காண்ணே?” அவர் ஒன்றும் கேட்காமல் கோப்பைத் திறந்தார்.

மாறி முடிக்க ஆறு மாதம் பிடித்தது. ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக வைத்திருந்த கணக்குத் தாள்களெல்லாம் ஓரிடத்துக்கு வந்தன. விற்பனைப் பிரிவு ஓர் எண்ணும் கிடங்குப் பிரிவு வேறோர் எண்ணும் சொல்லிச் சண்டை போடுவது நின்றது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை ஒரே இடத்தில் முடிவு செய்ய முடிந்தது. எட்டு மணி நேரம் ஓடிய மாத அறிக்கை, தேநீர் ஆறுவதற்குள் வந்து நின்றது. நான் பயந்தபடி லைன் ஒரு நாள் போகத்தான் செய்தது. அரை மணியில் திரும்பி வந்தது. யாரும் எந்த அறைக்கும் ஓடவில்லை.

இந்த நன்மைகளையெல்லாம் இயக்குநர்கள் முன்னால் நான்தான் விளக்கிச் சொன்னேன். முடித்ததும் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்: இவ்வளவு நல்லதென்றால் ஏன் முன்பே செய்யவில்லை?

மேலாளர் எனக்கு முந்திக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொன்னேன்: “முன்பே பேச்சு வந்தது. நான்தான் தடுத்தேன்.”

கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அவ்வளவுதான்.

படியிறங்கும்போது மேலாளர், “அத நீ சொல்லியிருக்க வேணாம் தம்பி,” என்றார்.

“யார்கிட்டயாவது சொல்லணும்ணே.”

அன்று மாலை வீட்டில் என் மனைவியிடம், அக்காவின் முதல் அழைப்பைப் பார்த்தும் எடுக்காமல் விட்டதைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“ரெண்டாவது தடவ கூப்ட்டதயும் பாத்தீங்களா?”

“இல்ல. உள்ள இருந்தேன்.”

மழை வரும்போல் இருந்தது. அவள் எழுந்து போய்ப் பின்னால் கொடியிலிருந்த துணிகளை எடுக்கத் தொடங்கினாள். நானும் போய் ஒரு பக்கத்திலிருந்து எடுத்தேன். அவள் ஒரு வார்த்தைகூட ஆறுதல் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.