பதினேழாம் கேள்விக்கு விடை சி

“எழுதி வெச்சிக்கோ பாய். சாவற வரைக்கும் நான் ஒரு பாடத்தையும் புரிஞ்சிக்கப் போறதில்ல. ஒரு பரீட்சையிலயும் ஃபெயிலாவப் போறதும் இல்ல.”

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஓர் இரும்புக் கம்பி ஆலையின் எதிரே, டீக்கடை பெஞ்சில், கையில் பாதி மசால்வடையுடன் தணிகாசலம் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். எதிரில் இருந்தவர் நூர் அகமது. பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்து, இறால் வாடை பிடிக்காமல் புதுவாயல் கூட்ரோட்டில் ஜெராக்ஸ் கடை போட்டவர். அவர் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி இருக்கும்.

பிரகடனத்தில் பொய் ஏதும் இல்லை. தணிகாசலம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தை முதல் அட்டை முதல் கடைசி அட்டை வரை மனப்பாடம் செய்தவர். பொதுத்தேர்வில் மனித இதயம் பற்றிய கேள்விக்கு மூன்று பக்கம் எழுதி, நடுவில் “படம் 4.3 காண்க” என்பதையும் விடாமல் எழுதினார். படம் வரையவில்லை. திருத்தியவர் படத்தைத் தேடிக் களைத்து, மதிப்பெண் போட்டுவிட்டார் என்று கருத இடமுண்டு. பிறகு பன்னிரண்டாம் வகுப்பு. பிறகு தபால் வழியில் பி.ஏ. பொருளாதாரம். “தேவை கூடினால் விலை கூடும்” என்பதை அவர் நானூறு முறை சொல்லியிருக்கிறார். ஆனாலும் தக்காளி விலை ஏறும்போதெல்லாம் அதிர்ச்சியடைந்தார்.

இப்படிப்பட்டவருக்கு முப்பத்தாறாவது வயதில் மீண்டும் ஒரு பரீட்சை வந்தது. ஆலையின் டைம் ஆபீசில் பதினான்கு வருடங்களாக வருகை அட்டைகளில் நேரம் குத்திக்கொண்டிருந்தார். அந்த டைம் ஆபீசையே மூடிவிட நிர்வாகம் தீர்மானித்தது. இனி ஒவ்வொரு வாசலிலும் ஒரு இயந்திரம். தொழிலாளி தன் அட்டையைத் தேய்த்தால் போதும். எல்லா இயந்திரங்களையும் கேபிளில் கோத்து, ஏசி அறையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் கொண்டு சேர்த்துவிடுவார்கள்.

பர்சனல் மேனேஜர் வீரராகவன் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“தணிகாசலம், சிஸ்டம்ஸ் அசிஸ்டென்ட்னு ஒரு போஸ்ட் போடறோம். நெட்வொர்க்ல அடிப்படை சர்டிபிகேட் ஒண்ணு வேணும். பொங்கலுக்குள்ள பாஸ் பண்ணிட்டு வந்தீங்கன்னா ஏசி ரூம் நாற்காலி உங்களுக்கு.”

“இல்லன்னா சார்?”

“ஸ்கிராப் யார்டுல ஒரு ஆள் கொறையுது.”

ஸ்கிராப் யார்டு என்பது துருப்பிடித்த இரும்பு மலைகளுக்கு நடுவே நான்கு தகரம் நிறுத்திய இடம். கத்திரி வெயிலில் அங்கே மேசைமேல் டீயை வைத்தால் மாலைவரை ஆறாது. ஏசி அறை நாற்காலியோ சக்கரம் வைத்தது, சுழலக்கூடியது. தணிகாசலம் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதில் உட்கார்ந்து ஒரே ஒரு சுற்று சுற்றினார். அந்த ஒரு சுற்றிலேயே முடிவெடுத்துவிட்டார்.

நூர் அகமதுவின் மச்சானுக்குத் தெரிந்த யாரோ இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய கேள்விக் கட்டு ஒன்று வந்து சேர்ந்தது. இருநூற்று நாற்பது கேள்விகள், ரோஸ் நிற அட்டை, ஸ்பைரல் பைண்டிங். கடைசிப் பக்கத்தில் விடைகள் வெறும் எழுத்துகளாக வரிசையில் நின்றன. “இதுலேர்ந்துதான் வருது நைனா, அச்சு மாறாம வருது” என்றார் பாய். தணிகாசலம் கேள்விகளைப் படித்து நேரத்தை வீணாக்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். கவரைப்பேட்டை வீட்டில் மனைவி ரத்னா சாயங்காலங்களில் சொல்லிப் பார்க்கவைத்தாள்.

“நூத்திப் பன்னெண்டு?”

“ஏ.”

“பதினேழு?”

“சி.”

“கரெக்ட்டு. கேள்வி இன்னாங்க?”

“கேள்வி எதுக்குடி? பதிலு தெரியுதில்ல.”

ரத்னா கீரை ஆய்ந்தபடியே, “நல்லா கீது. ஊட்டு நம்பரு தெரியும், ஊடு தெரியாது” என்றாள்.

நிர்வாகம் எண்பது பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடும் கொடுத்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் அவர் வரி விடாமல் நெட்டுருப்போட்டார். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி இறங்குவதற்குள் நான்கு பக்கம் ஓடிவிடும்.

அக்டோபரில் நூர் அகமது ஒரு துக்கச் செய்தி கொண்டுவந்தார்.

“நைனா, பரீட்சய மாத்திட்டானாம். பழைய பேப்பரு இல்லயாம். பதிலோட வரிசையையும் ஆளுக்கு ஆள் கலச்சி வுடறானாம். சில கேள்விக்கு டிக் அடிக்கிறதே கெடையாதாம், ஸ்கிரீன்லயே மெஷினு மாதிரி காட்டி, ரிப்பேர் பண்ணுன்றானாம். பேஜாரு.”

“பரீட்ச மாறலாம் பாய். நான் மாறமாட்டேன்.”

நவம்பரில், பிள்ளையார் கோவில் விபூதியுடன், சென்னையில் ஒரு தேர்வு மையத்தில் தணிகாசலம் உட்கார்ந்தார். கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்த பிளாஸ்டிக் பலகையின் தலையில் பிள்ளையார் சுழி போட்டார். பிறகு தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லித்தரப்பட்ட அந்தப் பொன்னான விதியைக் கடைப்பிடித்தார். வினாத்தாள் முழுவதையும் முதலில் ஒருமுறை பார். பிறகு தெரிந்ததை முதலில் எழுது.

ஆகவே ‘அடுத்து’ என்ற பொத்தானை அமுக்கினார். இரண்டாம் கேள்வி வந்தது. மறுபடி அமுக்கினார். ஏதோ ஆங்கிலத்தில் எச்சரித்தது. ‘சரி’ என்று அமுக்கினார். மறுபடி எச்சரித்தது, மறுபடி ‘சரி’. இப்படி நிதானமாக, கண்ணில் படுவதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டே, ஐம்பத்தைந்து கேள்விகளையும் கடந்தார். கடைசியில் தேர்வு முடிந்துவிட்டதாகவும் பங்கேற்றமைக்கு நன்றி என்றும் திரை சொன்னது. புதிய பரீட்சையில் விட்டுப்போன கேள்விக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. அந்த எச்சரிக்கைகள் எல்லாம் அதைத்தான் சொல்லியிருந்தன.

பதினோரு நிமிடத்தில் வெளியே வந்தவரைப் பார்த்து, வரவேற்பிலிருந்த பெண் எழுந்து நின்றாள். இவ்வளவு சீக்கிரம் முடித்த ஆளை அவள் பார்த்ததில்லை. மதிப்பெண் தாள் அச்சாகி வந்ததும் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் ரத்னா சோறு போட்டாள்.

“கஷ்டமா கேட்டுக்கினானா?”

“கேட்டதெல்லாம் பாத்தேன்.”

“எழுதினது?”

“அதுக்குள்ள முடிச்சிட்டான்.”

அவள் சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய் நின்றாள். உள்ளே பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாக உருட்டப்பட்டன. சிரிப்பை மறைக்க அந்த வீட்டில் வேறு வழியில்லை.

மறு தேர்வு ஜனவரி பத்தாம் தேதி. பொங்கலுக்கு அதற்கப்புறம் ஐந்தே நாள். நாற்காலி இன்னும் காலியாக இருந்தது. ஸ்கிராப் யார்டும் அப்படியே இருந்தது.

இதற்கிடையே டிசம்பரில், கான்டீன் வாசலுக்கும் ஸ்கிராப் யார்டு வாசலுக்கும் புதிதாக இரண்டு இயந்திரங்கள் வந்தன. கேபிள் போட்ட கான்டிராக்டர் வேலை முடிந்து எப்போதோ போய்விட்டார். வீரராகவன், “நீங்கதான் பரீட்சையெல்லாம் எழுதினீங்களே, மாட்டுங்க” என்றார். அதில் ஏளனம் இருந்ததா என்பதற்கு ஆதாரம் இல்லை.

வேலை சுலபமானது. ஆலையின் நெட்வொர்க்குக்கு 0 முதல் 31 வரை முப்பத்திரண்டு எண்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு எண் கொடுத்தால்தான் மற்றவற்றோடு பேசும். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் உட்பட எல்லாவற்றுக்குமாக 1 முதல் 30 வரை கான்டிராக்டர் கொடுத்துவிட்டார். மிச்சம் இரண்டு எண், மிச்சம் இரண்டு இயந்திரம். தணிகாசலம் பையிலிருந்த ரோஸ் கட்டை எடுத்து, முதன்முறையாகக் கேள்விப் பக்கங்களைப் புரட்டினார். கேள்வி பதினேழு: முப்பத்திரண்டு எண்கள் உள்ள ஒரு நெட்வொர்க்கில் எத்தனை இயந்திரங்களுக்கு எண் தரலாம்? ஏ, எட்டு. பி, முப்பது. சி, முப்பத்திரண்டு. விடை சி. மனப்பாடம் முதன்முறையாக வேலைக்கு உதவுவதைக் கண்டு அவருக்கே கண் கலங்கியது. கான்டீனுக்கு 31, யார்டுக்கு 0 என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கான்டீனில் நானூறு பேர் அட்டையைத் தேய்த்தார்கள். அட்டை தேய்த்தால்தான் டோக்கன், டோக்கன் இருந்தால்தான் பொங்கல் வடை. இயந்திரம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

கான்டீன் சூப்பர்வைசர் ஆசீர்வாதம் இடுப்பில் கை வைத்து நின்றார். “தணிகாசலம் சார், நேத்து வரிக்கும் எல்லாரும் நாஷ்டா துன்னுகினு இருந்தாங்க. நீ கை வெச்ச, ஊரே பட்டினி.”

“மெஷினு கோளாறுபா.”

“யார்டு மெஷினும் செத்துக் கெடக்காமே. ரெண்டும் சொல்லி வெச்சுகினு செத்துச்சா?”

டோக்கனில்லாமல் போடச் சொல்லி வீரராகவன் உத்தரவிட, நாஷ்டா நடந்தது. ஆனால் தணிகாசலத்துக்கு அந்தக் கேள்வி மண்டையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டும் எப்படி ஒரே மாதிரி செத்தது?

கான்டீன் கூட்டம் கலைந்ததும், வாழ்க்கையில் எந்தக் கையேடும் சொல்லாத ஒரு காரியத்தைச் செய்தார். மெயின் கேட் இயந்திரத்தின் எண்ணான 5ஐ எடுத்துக் கான்டீனுக்குக் கொடுத்தார். கான்டீனின் 31ஐ மெயின் கேட்டுக்குக் கொடுத்தார். கான்டீன் இயந்திரம் ‘கீங்’ என்று உயிர் பெற்றது. நேற்றுவரை ஒழுங்காக இருந்த மெயின் கேட் இயந்திரம் வாயை மூடிக்கொண்டது.

அப்படியானால் இயந்திரத்தில் கோளாறு இல்லை. எண்ணில்தான் கோளாறு. 31க்கு ஏதோ ஆகாது. 0க்கும் ஆகாது.

கான்டீன் படியில் உட்கார்ந்து, வழக்கம்போலத் துணைக்குக் கையேட்டை வாய்க்குள் ஓட்ட ஆரம்பித்தார். நாற்பத்தோராம் பக்கம் வந்தது. “முதல் எண் அந்த நெட்வொர்க்கின் பெயராகும். கடைசி எண் எல்லா இயந்திரங்களையும் ஒருசேர அழைப்பதற்காகும். இவ்விரண்டையும் எந்த…”

நிறுத்தினார். நூறு முறையாவது சொல்லியிருந்த வரி. அன்றுதான் அது அவர் காதில் விழுந்தது.

கூப்பிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற பேரை ஒருத்தனுக்கு வைத்தால் அவனை எப்படித் தனியாகக் கூப்பிடுவது? ஆலையின் பேரையே ஒரு ஆளுக்கு வைத்தால், கடிதம் ஆளுக்கா ஆலைக்கா? முப்பத்திரண்டில் இரண்டு போனால் முப்பது. விடை சி இல்லை.

“ஆசீர்வாதம், எனக்கு ஒரு டீ போடு” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்ததால் ஆசீர்வாதம் கிண்டல் செய்யாமல் இரண்டு வடையும் வைத்தார்.

புதிதாக இரண்டு எண் தேவைப்பட்டது. வீரராகவன் அறையில் ஒரு கம்ப்யூட்டர் சீட்டாட்டத்துக்கு மட்டும் பயன்பட்டு வந்தது. விருந்தினர் அறையில் இன்னொன்று உறை போர்த்தியபடி நின்றது. அவற்றின் எண்களை எடுத்து மாற்றினார். எல்லா வாசலும் பேசின. சீட்டாட்டத்துக்கு நெட்வொர்க் தேவையில்லை என்பதால் நிர்வாகத்துக்கும் இழப்பில்லை.

அன்று மாலை ரத்னாவிடம் ரோஸ் கட்டை நீட்டினார். “கேள்வியப் படி. நம்பரு சொல்லாத.”

“இன்னாங்க, ஒடம்புக்கு ஏதாச்சும்?”

“படிடி.”

ஒவ்வொரு கேள்விக்கும் அவர் “ஏன்?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இருபது கேள்விக்கு மூன்று நாள் ஆனது. மனப்பாடம் செய்தால் இருபது நிமிடம். புரிந்துகொள்வதில் இப்படி ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. மதியங்களில் யார்டு வாசல் இயந்திரத்தைக் கழற்றி மாட்டினார். வேண்டுமென்றே தப்பாக எண் போட்டு, எப்படிச் சாகிறது என்று பார்த்தார்.

ஜனவரி பத்தாம் தேதி பிள்ளையார் சுழிக்கு அப்புறம் முழுத் தாளையும் பார்க்கவில்லை. வந்த கேள்விக்கு வந்த இடத்திலேயே பதில். விடைகள் கலைந்திருந்தன, அவரும் எழுத்தைத் தேடவில்லை. திரையில் செத்துக்கிடந்த இரண்டு இயந்திரங்களை உயிர்ப்பித்தார், மூன்றாவதைக் கொன்றார். தேர்ச்சிக்கு வேண்டியதைவிட ஒன்பது மதிப்பெண் கூட வந்தது.

பொங்கலன்று ஆலைக்கு விடுமுறை. மறுவாரம் முதல் ஏசி அறையின் சுழல் நாற்காலியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளியில் சித்திரை வெயில் கொளுத்தியபோதும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. ரத்னா பின்னியது.

அந்தச் சித்திரையில் ஒரு சனிக்கிழமை, ஷேர் ஆட்டோவுக்காகத் தணிகாசலம் நூர் அகமதுவின் கடையில் நின்றார். பாய் மும்முரமாக இருந்தார்.

“புதுப் பரீட்சைக்குப் புதுக் கட்டு நைனா. பத்து காப்பி கேட்டுக்கீறாங்க. இதுலேர்ந்துதான் வருதாம், அச்சு மாறாம.”

அட்டை இப்போது பச்சை. தணிகாசலம் ஒரு பிரதியைப் புரட்டினார். பதினேழாம் கேள்வி அதே இடத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் விடை சி.

பாயின் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். சியை அடித்தார். பக்கத்தில் பி என்று எழுதினார்.

“இன்னா நைனா, அச்சுல வந்ததுலயே கை வெக்கிற? நீ மனப்பாடம் பண்ணது சி தானே?”

“மனப்பாடத்துல சி தான் பாய்.”

ஆகஸ்ட் மாதத்து மசால்வடைப் பிரகடனம் நூர் அகமதுவின் முகத்தில் வந்து போனது. இரண்டு டீக்குக் கையைக் காட்டினார்.

ஷேர் ஆட்டோ வந்து, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. தணிகாசலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மத்த ஒம்போதையும் குடு.”