மெழுகு உருகிய தோட்டாக்கள்

மழை ஈரத்தில் இன்றும் கேஸ் லைட்டர் பற்றவில்லை. டிக், டிக், டிக். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

என் சின்ன வயதில் உடும்பஞ்சோலையில் அப்பா ஏலக்காய் எஸ்டேட் காவல்காரர். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பழைய லிவர் துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா கிடைக்காது. வெடித்த பித்தளைக் கூடுகளிலேயே மறுபடி வெடிமருந்து நிரப்பி, ஈயக் குண்டுக்குத் தேன்மெழுகு பூசிச் செருகுவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு மிளா மான் கறி என்று சொல்லியிருந்தார். கருவாடு தின்று சலித்த நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மசாலாவே அரைத்துவிட்டாள்.

விடியற்காலையில் மிளா வீட்டுக்குப் பின்னாலேயே வந்து நின்றது. அப்பா குறிபார்த்து அழுத்தினார். டிக். லிவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினார். டிக். மூன்றாவதும் டிக். மிளா எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மாவின் பீன்ஸ் கொடியைத் தின்னத் தொடங்கியது.

"தோட்டாவ எங்க வச்சிருந்தீய?" என்றாள் அம்மா.

"பனியில நமுத்துப் போயிரும்னு ஏலக்கா காயவைக்கிற ஸ்டோர்லதான், புகைக்குழா மேல."

"அந்தச் சூட்டுல மெழுகு உருகி மருந்துக்குள்ள எறங்காதா? இனி அந்த மசாலாவ உங்க துப்பாக்கிக்கே பூசுங்க!"

கிறிஸ்துமஸ் அன்று மிளாவுக்கு அரைத்த மசாலாவில் கருவாடுதான் கிடந்தது.

லைட்டரை வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தேன். அதுவும் நமுத்திருந்தது.