மிஷின் நின்ற இடத்தில் தப்பைத் தேடாத குளோரி அக்கா

ஞாயிறு பூசை முடிந்து ராயபுரம் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி வாட்ச்மேன் தங்கராஜ் அண்ணன் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ரீட்டா, கம்ப்யூட்டர் ரூம் குளோரி போய்ட்டாங்கம்மா. மஞ்சக்காமாலையாம்."

"இன்னாண்ணா ஒளர்றே? ஒரு வாரம் லீவுன்னுதானே போனாங்க!" என்று அவரைப் போய் அதட்டினேன்.

குளோரி அக்காவைத் தெரியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவர்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில் கடை. எண்ணூரில் எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாகப் புரோகிராம் எழுதிக் கொடுப்பவர்களில் ஒருவர் அக்கா. அதை அட்டைகளில் ஓட்டைகளாகப் போடுவார்கள். அந்த ஓட்டைகளைப் படித்துத்தான் கம்ப்யூட்டர் மிஷின் வேலை செய்யும். அட்டைகளை நீளத் தட்டில் வைத்து மிஷின் அறைக்குத் தூக்கிப் போவது என் வேலை. ஐந்தாவதோடு நின்றவள் நான். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போன பிறகு, பிள்ளைகளுக்கு அந்த வேலைதான் சோறு.

சேர்ந்த அன்றே அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினார். "ஏ புள்ள, மீன்கூடையா தூக்குத? ஒரு அட்டை எடம் மாறுனா மிஷினுக்குப் பைத்தியம் புடிச்சிரும்!" அட்டைக்கட்டின் மேல் விளிம்பில் கோணலாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார். அட்டை மாறினால் கோடு உடைந்து தெரியும்.

ஒரு மாதக் கடைசியில், உதிரிபாகக் கணக்குப் போடும்போது மிஷின் பாதியில் நின்றது. முந்தின வாரம்தான் நான் வேறொரு தட்டைக் கை தவறிப் போட்டிருந்தேன். போதாதா?

"திரும்பவும் கொட்டிட்டியா? சாயந்தரத்தோட சம்பளக் கணக்க முடிச்சுக்கிட்டுக் கெளம்பு" என்றார் எங்கள் அதிகாரி.

"சத்தியமா கொட்டல சார்."

அக்கா அட்டைக்கட்டைப் பார்த்தார். "கோடு உடையல சார். அட்டை மாறல."

"அப்ப ஏன் நின்னுச்சு?"

"சாயந்தரத்துக்குள்ள சொல்லுதேன்."

மிஷின் நிற்கும்போது அதன் ஞாபகத்தில் கிடக்கும் எண்களையெல்லாம் தாளில் அடித்து எடுக்கலாம். அந்த நீளத் தாளை வராந்தா முழுக்க விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் மேலேயே மண்டியிட்டார் அக்கா. தாள் பறக்காமலிருக்க மறுமுனையில் நான் உட்கார்ந்தேன்.

"நின்ன எடத்துல இருக்கவன் குத்தவாளி இல்ல புள்ள. அவன யாரு கூப்புட்டா? அவன் எவன் கூப்புட்டு வந்தான்? அப்படியே பின்னால போவணும்."

புரோகிராமில் ஒரு பகுதி இன்னொன்றை வேலைக்குக் கூப்பிடுமாம். வேலை முடிந்து எங்கே திரும்ப வேண்டும் என்ற எண்ணும் அந்தத் தாளில் இருக்குமாம். அதைப் பிடித்துப் பிடித்து அக்கா பின்னால் தவழ்ந்தார். எனக்கு எண் புரியாது, அவர் முகம் புரிந்தது. விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது.

"இந்தா, இவனும் நல்லவன்தான்! இவன் கையில வந்ததே கெட்டுப்போன எண்ணு. கெடுத்தது யாரு?"

வேலை போகப்போவதே எனக்கு மறந்துவிட்டது. "அப்பால யாருக்கா?" என்று நானும் தவழ்ந்தேன்.

சட்டென்று நின்றார். பிறகு கைதட்டினார். "கெடச்சிட்டு புள்ள, கெடச்சிட்டு! இது நான் எழுதுனது!"

உதிரிபாகங்களின் பெயர்களுக்கு அக்கா ஒதுக்கியிருந்த இடம் நிறைந்துவிட்டதாம். அந்த மாதம் புதிதாக வந்த பெயர் பக்கத்து இடத்தில் ஏறி, அங்கிருந்த எண்ணை அழித்துவிட்டது. அழிந்தது முன்பே, மிஷின் தடுக்கி விழுந்தது வெகுதூரம் போன பிறகு.

"எங்க வூட்லயும் அப்டிதான்க்கா. மேல்வூட்டுக்காரி தண்ணி கொட்டுவா, ஒழுவறது என் அடுப்புல."

"அந்த மேல்வீட்டுக்காரி நான்தான் புள்ள!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? அக்கா தாளை இழுத்துக்கொண்டு நேரே அதிகாரி அறைக்குப் போனார்.

"சார், தப்பு என்னுது. ரீட்டா மேல ஒண்ணும் இல்ல."

"பம்பாய் டிரெய்னிங்குக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். யோசிச்சுப் பேசுங்க."

"வராந்தா பூரா தவழ்ந்து யோசிச்சாச்சு சார்."

பம்பாய்க்கு வேறொருவர் போனார். எனக்கு அழுகை தாங்கவில்லை. "ஏன் அழுத? இன்னைக்கு நான் புடிச்ச மாதிரி பம்பாய்ல எவன் புடிப்பான்?" என்றார். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

நேற்று மூலக்கொத்தளம் இடுகாட்டில் அடக்கம். அந்த அதிகாரி வந்து என் பக்கத்தில் நின்றார். "ரீட்டா, நீ போடும்மா" என்றார். ஒதுங்கி, தனக்கு முன்னால் மண் போட எனக்கு வழிவிட்டார்.

அக்கா, விடிந்தால் எனக்குக் காலை ஷிப்ட். உங்களுக்கு மண் போட்ட கையால்தான் தட்டைத் தூக்க வேண்டும். ஒரு அட்டை இடம் மாறாமல் தூக்குவேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.