பின்சக்கரத்து எலுமிச்சம்பழம்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தபோது அது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. இரண்டு வாரத்தில் என் அண்ணன் மகன் அதைப் பதுளையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோய், ஸ்ப்ரிங்கை வெட்டி, நான்கு விரல் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தான். வீட்டை உயர்த்திக் கட்டியவர்கள் பந்தல் போட்டுச் சாப்பாடு கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். இருந்ததைக் குட்டையாக்கிவிட்டு ஊரைக் கூப்பிட்டுக் காட்டியவனை அன்றுதான் பார்த்தேன்.

"எப்பிடி இருக்கு அத்தை?" என்றான்.

பின்சக்கரம் இரண்டும் மேலே உள்ளே சாய்ந்து, கீழே வெளியே விரிந்து நின்றன. தண்ணீர்க்குடத்தைத் தூக்க முடியாமல் காலை அகட்டி நிற்கிறவளைப் போல இருந்தது அந்தக் கார். இதைச் சொல்ல நினைத்தேன். ஆனால் நான் வாய் திறப்பவள் அல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனேன். டீச்சர் கேட்கும் கேள்விக்குத் தெரிந்த பதிலையும் விழுங்கிவிட்டுத்தான் நிற்பேன்.

"நல்லாருக்குப்பா. சக்கரம் மட்டும் கொஞ்சம் சாஞ்சாப்ல இருக்கு."

"அதான் ஸ்டைலே!"

சரி, ஸ்டைல் என்று நானும் உள்ளே போய்விட்டேன்.

ஹாலிஎலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ரோட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தை ஒட்டி அண்ணன் கட்டிய வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் போன பிறகு பின்பக்கத்து அறையில் இருக்கிறேன். அண்ணனுக்குக் காது மந்தம். அண்ணி பேசும்போது சுத்தமாகவே கேட்காது. அதனால் வீட்டில் அண்ணி சொன்னதுதான் சட்டம்.

எங்கள் ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுவில் கல், ஓரத்தில் தண்ணீர் ஓடும் கான், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. காரை இறக்கிய பிறகு கல் வந்தால் எல்லோரும் இறங்க வேண்டும், வேகத்தடை வந்தாலும் இறங்க வேண்டும். கார் சறுக்கிக்கொண்டு தாண்டிய பிறகு ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். காரில் போனோம் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். பாதித் தூரம் காருக்குப் பின்னால்தான் போனோம்.

அந்த வருடமே அண்ணன் மகனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் மொனராகலைப் பக்கம். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்தவள். சிரித்த முகம், நறுக்கென்ற பேச்சு. என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவாள். கல்யாணம் முடிந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் காருக்குப் பூசை வைத்தார்கள். புதுப்பெண்ணை முன் சீட்டில் உட்கார வைத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிக்கொண்டு போக வேண்டும்.

பழம் வைப்பது யார்? எல்லோரும் பட்டு உடுத்தியிருந்தார்கள். "நீ வையி" என்றார் அண்ணி என்னிடம். நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்காதே என்று எனக்குச் சொல்கிறவர் அவர்தான். குனிகிற காரியம் என்றால் மட்டும் என் ஞாபகம் வந்துவிடும்.

வைத்தேன். காருக்கு அடியில் கை நுழைய இடம் இல்லாததால் பின்சக்கரத்துப் பழங்களை வெளி ஓரத்தில்தான் வைக்க முடிந்தது. பூசாரி மணி அடித்தார், கார் நகர்ந்தது. முன்பழம் இரண்டும் சட்டென்று நசுங்கின. பின்பழம் இரண்டும் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி வெளியே வந்து, முழுசாக உருண்டுபோய்க் கானில் விழுந்தன.

அண்ணி முன் சீட்டைப் பார்த்தார். அதில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"காலடி வச்ச ஒடனே காட்டிருச்சு" என்றார்.

அதன்பிறகு ஆறு மாதத்தில் இரண்டு டயர் வெடித்தது. ஒன்று ஹாலிஎலை வளைவில், இன்னொன்று அவள் அம்மா வீட்டுக்குப் போகிற வழியில். இரண்டு தடவையும் அவள் காரில் இருந்தாள். வேறு யார் இருப்பார்கள், அவன் பெண்டாட்டி தானே? வெடித்த டயரைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டு, அண்ணி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

"பாருங்க, கோடெல்லாம் அப்பிடியே இருக்கு. புது டயரு. இது வெடிக்குமா? ஒக்காந்திருக்கிறவ ராசி!"

உண்மைதான், வெளிப்பக்கம் புதுசு. அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறுப்பு மருந்து போட்டு அந்தப் பக்கத்தைத்தான் மினுக்குவான். உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று அவனும் பார்த்ததில்லை, அவன் அம்மாவும் பார்த்ததில்லை.

நான் பார்த்தேன். வீசிய டயரில் மண் போட்டு, கறிக்குப் போடும் ரம்பைச் செடி நடலாம் என்று பின்பக்கத்துக்கு உருட்டிப்போனேன். மண்ணை அமுக்குகிறபோது விரலில் சுருக்கென்று ஏறியது. கம்பி. திருப்பிப் பார்த்தால் உள் ஓரம் முழுக்க வழுக்கை, கம்பி நார் நாராக வெளியே. இரண்டாவது டயரையும் உருட்டிவந்து பார்த்தேன். அதுவும் அதே பக்கம், அதே அகலம்.

காலில் கிடந்த செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். முழங்கால் வளைந்ததிலிருந்து என் செருப்பும் ஒரு பக்கம்தான் தேய்கிறது. மேலே பார்த்தால் கடையில் வாங்கின மேனி. சாய்ந்து நடந்தால் சாய்ந்த பக்கம்தான் தேயும். சாய்ந்த பக்கம்தான் தரையில் படும். படாத ஓரத்தில் பழத்தை வைத்தால் அது எப்படி நசுங்கும்?

இதை அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணி முன்னால் போய் நின்றேன், "என்ன?" என்றார், "உப்பு எங்க இருக்கு அண்ணி?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த அடுப்படியில் முப்பது வருடமாகச் சமைக்கிறவள் நான்.

மூன்றாவது டயரும் போனது. அண்ணி ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை மறுபடியும் பூசை. மருமகள் காருக்குப் பக்கத்தில் வரக்கூடாது, கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அவள் இல்லாமல் பழம் நசுங்கினால் குற்றம் அவளுடையது. கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டில் இருக்கட்டும்.

கொஞ்ச நாள் என்றால் என்ன என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் லயத்திலிருந்து கொஞ்ச நாளைக்கென்று அனுப்பின ஒருத்திக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

அண்ணன் மகன் என்ன சொன்னான் என்று கேட்பீர்கள். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். ஸ்ப்ரிங்கை வெட்டிய அன்று முதுகெலும்பையும் கராஜிலேயே விட்டுவிட்டு வந்தானோ என்னவோ.

அவள் என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, பழம் நசுங்குனா நான் பெட்டி கட்டணுமாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருது, அதுவரைக்குமாச்சும் நசுங்காம இருக்கச் சொல்லுங்க" என்று சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"நசுங்காது" என்றேன்.

"எப்பிடிச் சொல்றீங்க?"

"நான்தானே வைக்கப்போறேன்."

வெள்ளிக்கிழமை அதே பூசாரி, அதே பட்டு. "நீ வையி" என்றார் அண்ணி. உட்கார்ந்து, இந்தத் தடவை அளந்து, பின்சக்கரத்துப் பழங்களை வெளி ஓரத்துக்கும் ஓரத்தில் வைத்தேன். சாமி வாசலில் சூது செய்கிறோமே என்று பயம். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளை நினைத்துக்கொண்டேன், பயம் போய்விட்டது.

கார் நகர்ந்தது. பின்பழம் இரண்டும் வழுக்கி, உருண்டு, கானுக்குப் போயின.

"அவதான் இங்க இல்லையே!" என்றார் பூசாரி.

அண்ணி கானில் கிடந்த பழங்களைப் பார்த்தார். பிறகு கண் என் மேல் வந்தது. "அவ இல்லாட்டி என்ன, வச்ச கை இருக்கே. புருஷன் இல்லாத கை."

காரைச் சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அந்தப் பேச்சு எனக்குப் பழசு. எங்கிருந்து வந்ததோ, வாய் திறந்தது.

"அப்ப நீங்களே வைங்க அண்ணி. சுமங்கலிக் கை."

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முனகி, முட்டி போட்டு, அண்ணி இரண்டு பழம் வைத்தார். கை எட்டிய இடம் அவருக்கும் வெளி ஓரம்தான். பூசாரி மணியை இரண்டு பங்காக அடித்தார். கார் நகர்ந்தது. ஒரு பழம் கானுக்குப் போனது, இன்னொன்று உருண்டு வந்து அண்ணியின் கால் விரலில் முட்டி நின்றது. ஒரு கீறல் இல்லை.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

நான் கோயில் விளக்குமாற்றை எடுத்து, அதன் காம்பால் இன்னொரு பழத்தைச் சக்கரத்தின் உள் ஓரத்துக்குத் தள்ளினேன். "இப்ப எடுப்பா" என்றேன். எடுத்தான். சாறு தெறித்தது.

"சக்கரம் அந்தப் பக்கம் தரையத் தொடறதே இல்லப்பா. ஒன் பெண்டாட்டி என்ன செய்வா? மூணு டயரும் பின்னால ரம்பைக்குக் கெடக்கு, திருப்பிப் பாரு."

அவன் வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தான். அவ்வளவு நாளும் துடைத்துத் துடைத்து மினுக்கிய டயரின் மறுபக்கத்தை அன்றுதான் பார்த்தான். மறுநாள் பதுளைக்குச் சக்கரம் நேராக்குகிற இடத்துக்குப் போனபோது, ஏனோ என்னையும் ஏற்றிக்கொண்டான். அங்கே மெஷினில் காரை ஏற்றிப் பார்த்தவர் திரையைக் காட்டினார். எல்லாம் சிவப்பு.

"தம்பி, சாஞ்சது கூடப் பரவால்ல. பின்சக்கரம் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்கு. ஓட ஓட ரோட்டுல உரசிக்கிட்டே வருது, அதுதான் டயரத் திங்குது. இறக்குன அன்னைக்கே எலைன்மென்ட் பாத்திருக்கணும். யாரும் சொல்லலியா?"

"இல்ல" என்றான்.

"நான் முடிஞ்சத செஞ்சு தாறேன். முழுசா சரியாகணும்னா பழைய உயரத்துக்கு ஏத்துங்க."

"ஏத்துனா லுக் போயிருமே அண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். நான் வெளியே ரோட்டைப் பார்த்தேன்.

அன்று சாயந்தரம் அவன் பெண்டாட்டியிடம் போய், "நாளையிலேருந்து நீ முன்னால ஒக்காரலாம், அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றான், ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி. அவள் பரீட்சைத் தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

"வேணாங்க. நான் எங்கயாச்சும் போறதுன்னா பஸ்லயே போய்க்கிறேன். பஸ்ஸு ராசி பாக்காது."

போன வாரம் பதுளைக்குப் புடைவை எடுக்கப் போனோம். அண்ணியும் அவனும் காரில். நானும் அவளும் பஸ்ஸில், கடைசி சீட்டில். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் பஸ் மெதுவானபோது பார்த்தால், முன்னால் கார் நொண்டிக்கொண்டு ஏறுகிறது. அதற்குப் பின்னால், சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அண்ணி நடந்து போகிறார்.

அவள் என் தோளில் இடித்தாள். "சின்னம்மா, பாவம், அத்தைய ஏத்திக்கச் சொல்லுவோமா?"

பஸ் நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னால் நான் ஒருநாளும் பேசியதில்லை.

"வேணாம்" என்றேன், கண்டக்டருக்கே கேட்கும்படி. "அவங்க கார்ல போறாங்க."