இடம் மாற்றி நிற்க வைத்த மத்தியானம்

துரையின் கார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். மலாயாவில் இந்த ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு வாத்தியாராக வந்த அன்றே, கூலியாட்களை மேற்பார்க்கிற கங்காணி எனக்குச் சொல்லித்தந்த பாடம் இது. புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை ஒருநாள் காரை நிறுத்தி, “பஞ்சரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “எஸ் சார்” என்றேன். தனக்காகத்தான் ஒருவன் இறங்கி நிற்கிறான் என்று அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை. ஊரில் இருக்கிற நீங்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள்.

இங்கே வருவதற்கு முன் சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த பள்ளியில் சேரிப் பிள்ளைகள் தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது. வாசலுக்கு வெளியே கையைக் குவித்துக் குனிந்து நிற்பார்கள். மேல்சாதிப் பிள்ளை ஒன்று உயரத்திலிருந்து ஊற்றும். என் வகுப்பில் ஊற்றுகிறவள் பண்ணையார் மகள் கோமதி. வேகமாக ஊற்றிவிட்டுச் சிரிப்பாள். குடிக்கிறவள் மாடத்தி, அதே பண்ணையில் கூலி வேலை பார்த்த சுடலையின் மகள். இரண்டுக்கும் ஏழு வயது. எனக்கு இருபத்திரண்டு, உலகத்தையே திருத்திவிடலாம் என்கிற திமிர். ஒரு மத்தியானம் இருவரையும் இடம் மாற்றி நிற்க வைத்தேன். மாடத்தி உயரத்திலிருந்து ஊற்றினாள். கோமதிக்குப் புரையேறியது.

“சார், தண்ணி மூக்குல ஏறுது. இவளுக்கும் இப்படித்தான் ஏறுமா?”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோமதி அதைச் சந்தோஷமாக வீட்டிலும் போய்ச் சொன்னாள்.

மறுநாள் காலையில் பண்ணையாரின் ஆட்கள் சுடலையின் குடிசையைப் பிய்த்துப் போட்டார்கள். அவரைப் புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை; நான் அவர்கள் சாதி. அவிழ்த்து விட்டதும் அவர் மாடத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு வெளியே வந்து நின்றார். முதுகில் ரத்தம் காயவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“ஐயா, புள்ளையள எடம் மாத்தி நிக்க வச்சிய. என் எடத்துல நின்னு ஒரு நிமிசம் பாத்தியளா?”

அன்றே ஊரை விட்டுப் போனார்கள். எந்தப் பக்கம் என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அடுத்த மாதமே கப்பலேறிவிட்டேன்.

போன வாரம் பள்ளி விட்டு நான் சைக்கிளில் திரும்புகையில், பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவரின் மகள் அஞ்சலை, பாதையோரம் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஏழு வயதுதான்.

“சார், நான்தான் துரை. இறங்கி நில்லுங்க!”

கங்காணி வருகிறாரா என்று பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். இவள் அப்பாவின் வேலை இதற்கே போய்விடும். யாரும் இல்லை. இறங்கி ஓரமாக நின்றேன். வாயால் ஹார்ன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போவதாகப் பாவனை செய்தாள்.

“இதை வீட்டுல சொல்லக் கூடாதும்மா” என்றேன்.

பிள்ளை முகம் வாடி, வாளியை விட்டு இறங்கிவிட்டாள். சங்கரன்கோவிலில் கோமதியிடம் சொல்ல மறந்ததை இவளிடம் சொல்லியாயிற்று. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். கார் எதுவும் வரவில்லை.