போகுமுன் திரும்பிய வள்ளங்கள்

போன வாரம் என் தங்கையின் மகள் டிலானி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் சரியில்லை.

"மாமா, உங்கட சங்கத்து வள்ளங்கள் போறதுக்கு முதலே திரும்பி வந்திருக்கு!"

பேசாலையில் ஒரு மீனவர் சங்கத்தில் நான் கிளாக்கராக இருந்தவன். வள்ளங்கள் கடலில் எவ்வளவு நேரம் நின்றன என்பதுதான் டிலானியின் ஆய்வு. எங்கள் பழைய பதிவேடுகளைப் போனில் படம் பிடித்து, மாதக்கணக்கில் டைப் பண்ணியிருந்தாள். நேரமெல்லாம் கணினியில் வெறும் எழுத்தாகவே இருந்திருக்கிறது. அதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. புள்ளிவிபர மென்பொருளில் ஒரு கட்டளை கொடுத்து, எழுத்தை நிஜமான நேரமாக மாற்றிக் கழித்துப் பார்த்தாளாம்... போனது பின்னேரம் ஐந்து மணி. வந்தது நாலு ஐம்பது!

"இப்பிடிப் பிழைச்சு வாற வருஷங்களை முழுக்க வெட்டச் சொல்லிட்டார், என்ர ஆய்வைப் பார்க்கிற சேர். வெள்ளிக்கிழமை குடுக்கோணும். வெட்டினா என்ன மாமா மிஞ்சும்?" அழுதே விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டுவதா? என் இளமை முழுக்க அந்தக் கொப்பிகளில்தானே கிடக்கிறது!

"படத்தைக் காட்டு பாப்பம்."

பார்த்தேன். 'போனது' என் கையெழுத்து. 'வந்தது' என்னோடு வேலை செய்த மரியானின் கோழிக்கிறுக்கல். சிரிப்பு வந்துவிட்டது.

அரசாங்கம் நாட்டு மணிக்கூட்டையே அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்த காலம் அது. கந்தோர் வேலைக்குப் புது நேரம், வீட்டுக்குப் பழைய நேரம். பூசையோ கலியாணமோ, யார் அழைத்தாலும் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்காமல் வெளிக்கிட ஏலாது. நான் சொல்வழி கேட்கிற பிள்ளை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதுவேன். பக்கத்துக் கதிரையில் இருந்த மரியான் மட்டும் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பவே இல்லை. "சூரியனுக்கு ஆர் போய்ச் சொல்லுறது?" என்பான். இதற்காகவே நாளுக்கொரு சண்டை, பிறகு ஒரே கோப்பையில் பாதிப் பாதி பிளேன்ரீ. எவ்வளவு நல்ல நாட்கள்!

நான் நினைத்தது சரிதானா? இப்போது நறுவிலிக்குளத்தில் தன் மனைவியின் ஊரில் இருக்கிற மரியானுக்குப் போன் போட்டேன்.

"டேய், பதிவேட்டில நீ எந்த நேரமடா எழுதினனீ?"

"உண்மையான நேரம்! வேற என்ன?"

டிலானி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கரைக்குக் கிட்ட வலையைப் போட்டுவிட்டு இருபது நிமிஷத்தில் திரும்புகிற வள்ளங்கள்தான் அப்படி மாட்டியிருந்தன. தூரம் போனவற்றிலும் அதே அரை மணித்தியாலம் காணாமல் போயிருந்தது; அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இன்னும் ஒரு வரிக் கட்டளை; ஐந்து மணி நாலரை ஆனது. நாலரைக்குப் போன வள்ளம் நாலு ஐம்பதுக்குச் சமர்த்தாகக் கரைக்கு வந்தது. விளக்கம் எழுதி அனுப்பினாள். அடுத்த நாளே "வெட்ட வேண்டாம்" என்று சேரிடமிருந்து பதில். பிள்ளை துள்ளிக் குதித்தாள்.

மரியானுக்கு மட்டும் ஒரு விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. நாடு எப்போதோ பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டதல்லவா... அவன் எழுதியதில் ஒரு நிமிஷத்தையும் அவள் தொடவில்லை. திருத்தியது முழுக்க என்னுடையதை!