மறுத்தாலும் ஏறும் கணக்கு

பூங்கோதையின் தம்பி போன் செய்தபோது நான் தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே" என்றார். பட்டுக்கோட்டைக்குப் போக வேண்டியவன், அவர்கள் ஊரான கீழ்வேளூருக்குப் போவதற்காக நாகப்பட்டினம் பேருந்தில் ஏறினேன். திருவாரூர் தாண்டுவதற்குள் எங்கள் வேளாண் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துவிட்டன. நடுவில் நிர்வாகத்தின் இரங்கல் செய்தி. பெயர், படிப்பு, அதற்குக் கீழே மேற்கோள் எண்ணிக்கை. செத்துப்போன மனுஷியின் படத்துக்குக் கீழே மதிப்பெண் போட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆய்வுக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை தங்கள் கட்டுரைகளில் குறிப்பிடுகிறார்கள் என்று ஓர் இணையக் கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் இப்போது பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாம். பூங்கோதை மண்ணியல் துறை, நான் உழவியல். எங்கள் இருவர் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்டி அவர் குரல் கேட்காத நாள் குறைவு.

பூங்கோதையின் துறைத்தலைவர் ஒரு கட்டுரை எழுதிப் புகழ் பெற்றிருந்தார். விதைநெல்லை ஒரு நுண்ணுயிர்க் கலவையில் ஊறவைத்து விதைத்தால் உவர் நிலத்திலும் பயிர் தாங்கி நிற்கும் என்பது அதன் சாரம். தொட்டியில் மண் நிரப்பிக் கண்ணாடிக் கூடத்துக்குள் செய்த சோதனை அது. கலவை பொட்டலமாகி உரக்கடைகளுக்கும் வந்துவிட்டது. பூங்கோதை அதைத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை வயல்களில் சம்பாவுக்குப் போட்டுப் பார்த்தார். ஊறவைத்த பாத்தியும் கருகியது, ஊறவைக்காத பாத்தியும் கருகியது. அடுத்த சம்பாவிலும் அதே கதைதான். ஒருநாள் சேறு காயாத காலோடு என் அறைக்கு வந்து, "தொட்டியில தண்ணி நம்ம ஊத்துறது சார். கடைமடையில தண்ணி மேலேர்ந்து வராது, உப்பு கீழேர்ந்து வரும். இவரு எந்த ஊரு நெல்லுக்கு எழுதினாரு?" என்று கேட்டார்.

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால் அவர் கட்டுரையைக் குறிப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? குறிப்பிட்டார், பக்கத்துக்குப் பக்கம். கட்டுரை வெளிவந்ததும் அந்தக் கருவி துறைத்தலைவரின் கணக்கில் ஒன்றைக் கூட்டியது. சரி என்று சொன்னாரா, தப்பு என்று சொன்னாரா என்று அது பார்ப்பதில்லை. பிறகு இந்த விஷயத்தைத் தொட்டவர்கள் எல்லாரும் "இதில் இரு கருத்துகள் உண்டு" என்று எழுதி இருவரையும் குறிப்பிட, துறைத்தலைவரின் கணக்கு கிடுகிடுவென ஏறியது. பூங்கோதைக்கும் ஏறியது, ஆனால் அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும். கல்லூரிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவர் சிரித்துக்கொண்டே, "மேடத்துக்கு நான்தான் நன்றி சொல்லணும்" என்றார். பூங்கோதை எழுந்து, "திட்டுறதையும் வாழ்த்துன்னு எண்ணுற மெஷினை வெச்சுக்கிட்டு நம்ம என்ன சார் பண்றோம்?" என்று கேட்டார். தேநீர் வந்தது, குடித்தோம்.

எண்ணிக்கையை ஏற்ற வழி இல்லாமலும் இல்லை. நான் உன்னுடையதைக் குறிப்பிடுகிறேன், நீ என்னுடையதைக் குறிப்பிடு என்று எங்களில் சிலர் ஒரு குழு வைத்திருந்தார்கள். பூங்கோதையையும் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்த்து, "சார், உங்க பட்டுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து வெப்பீங்களே, அதுல கறிச்சோறாவது போடுவீங்க. இங்க இலையே கெடையாது, மொய் மட்டும் எழுதணுமாம்" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவில் இருந்தவர்கள்தான்.

பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில் அவரிடம் மண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எண்ணிக்கை போதாது என்று அனுப்பிவிட்டார்கள். கடைமடைச் சோதனை வயலுக்கு வந்துகொண்டிருந்த நிதியும் அதோடு நின்றது. அவர் சும்மா இருக்கவில்லை. தமிழில் ஒரு துண்டறிக்கை அடித்து, விடுமுறை நாள்களில் பேருந்து பிடித்து ஊர் ஊராகப் போய்க் கொடுத்தார். "உங்கள் உவர் வயலில் இந்தக் கலவை பலன் தராது. வாங்காதீர்கள்." அவ்வளவுதான் அதில் இருந்தது. ஒருமுறை நானும் கூடப் போனேன். ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, "ஏம்மா, எல்லாரும் வாங்குன்னுதான் சொல்லிட்டு வருவாங்க. நீ என்ன வாங்காதேன்னு வந்திருக்க?" என்றார். "எங்க அப்பா இதே மாதிரி குத்தகை வயல்ல ஊரு பேச்சைக் கேட்டுக் கெட்டாருங்க" என்றார் பூங்கோதை. அந்தப் பக்கத்தில் பலர் வாங்கவில்லை. வாங்காமல் தப்பித்தவர்களை எந்தக் கருவி எண்ணும்? இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். ஒரு நல்ல மண்ணியல் ஆய்வாளரை எங்கள் கல்லூரி அவமானப்படுத்தி அனுப்பியது என்றுதான் நான் இதைச் சொல்வேன்.

பூங்கோதையின் காரியம் முடிந்த மறுவாரம் அதே துறைத்தலைவர் என்னைப் போனில் கூப்பிட்டார். இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். "பூங்கோதை மேடம் நினைவா நம்ம ஆய்விதழ்ல சிறப்பிதழ் போடுறோம் சார். எழுதுற எல்லாரும் அவங்க கட்டுரையையும் என்னோடதையும் குறிப்பிட்டுடுங்க. அவங்களுக்கும் ஒரு மரியாதை, காலேஜ் ரேங்கும் ஏறும்."

"உங்க கலவை வேலை செய்யாதுன்னு அவங்க நிரூபிச்சாங்க. அதை முதல் பக்கத்துல போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கு சார்?"

போனை வைத்துவிட்டேன். பூங்கோதை உயிரோடு இருந்தபோது அவருடைய மறுப்பைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டவர், இப்போது அவருடைய சாவையும் சேர்க்கப் பார்க்கிறார்.

அந்தச் சிறப்பிதழுக்கு நான் எழுதப் போவதில்லை. இங்கேதான் எழுதுகிறேன். இதில் துறைத்தலைவரின் பெயரும் இல்லை, அவர் கட்டுரையின் தலைப்பும் இல்லை; அந்தக் கருவி அவர் கணக்கில் கூட்ட ஒன்றும் கிடைக்காது. பூங்கோதை இருந்திருந்தால், "பேரைச் சொல்லித்தான் சார் மறுக்கணும், அதான் நேர்மை" என்று என்னோடு சண்டை போட்டிருப்பார். அந்த நேர்மை எனக்கு வாய்க்கவில்லை. நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தையும், ஊர் ஊராகப் போய் அவர் சொன்ன அந்த ஒரே செய்தியையும்தான். அந்தப் பொட்டலம் இன்னும் கடைகளில் தொங்குகிறது. கடைமடைக்காரர் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு: அதை வாங்காதீர்கள். சொன்னவர் பூங்கோதை.